ஒருசந்தி என்று நினைத்தார்கள்

என் மாமியார் எனக்குச் சோறு போடாமல் என்னை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார் என்று பாலக்கோட்டைச் சுற்றி ஒரு பேச்சு இருக்கிறது. எங்கள் தெருவில் எதிர்வீட்டு பிலோமினாவின் வாயில் கிளம்பி, ஞாயிறு பூசைக்கு வந்தவர்களிடம் பரவி, தக்காளி மண்டிவரை போய்விட்டது. மண்டியில் ஒருவர் என் கணவரிடமே, "என்னப்பா, உங்கம்மா மருமவளப் பட்டினி போட்டுதாமே?" என்று கேட்டிருக்கிறார். எனக்கு இப்போது உடம்பு தேறிவிட்டது, வேலைக்கும் திரும்பிவிட்டேன். இருந்தாலும் அந்தப் பேச்சைக் கேட்டால் வயிறு எரிகிறது. வயிறு எரியக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் நடந்ததை ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து எழுதி முடித்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

என் பெயர் ரெஜினா. வீட்டில் நாங்கள் மூன்று பேர். கணவர் ஜேசுராஜ் டெம்போ ஓட்டுகிறார், பெரும்பாலும் தக்காளி லோடு. மாமியார் அந்தோணியம்மாள் இருக்கிற கொஞ்சம் நிலத்தையும் கோழிகளையும் எங்களையும் பார்த்துக்கொள்கிறார். நான் வீட்டிலிருந்தபடியே பெங்களூரில் உள்ள ஒரு கம்பெனிக்கு மெடிக்கல் கோடிங் செய்கிறேன். அமெரிக்காவில் யாருக்காவது வயிறு வலித்து ஆஸ்பத்திரிக்குப் போனால், அங்குள்ள டாக்டர் எழுதி வைத்ததை நான் இங்கே படிப்பேன். ஒவ்வொரு நோய்க்கும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஒரு கோடு உண்டு. அதைச் சரியாகப் போட்டால்தான் இன்சூரன்ஸ் பணம் கொடுக்கும். நோயாளியின் முகம் தெரியாது, குரல் தெரியாது. நோய் மட்டும் தெரியும்.

இந்த வேலையில் இரண்டு கண்காணிப்பு. வேகமாகச் செய்கிறேனா, தப்பில்லாமல் செய்கிறேனா. இரண்டையும் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும். திரையில் என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி இருக்கும். கொஞ்ச நேரம் கை அசையாவிட்டால் அது மஞ்சளாகிவிடும். மஞ்சள் அதிகமானால் டீம் லீடர் மெசேஜ் அனுப்புவார். திட்டமாட்டார். "ஹாய் ரெஜினா, எல்லாம் ஓகேதானே?" என்று கேட்பார். திட்டினால்கூடத் தேவலை. சாப்பாட்டு இடைவேளை விதிப்படி உண்டு. ஆனால் அன்றைய சார்ட்டுகள், அதாவது நோயாளிக் குறிப்புகள், அன்றே முடிய வேண்டும், இடைவேளை எடுத்தவளுக்கு ஒன்றுகூடக் குறையாது. எனவே யாரும் எடுப்பதில்லை. எடுக்காதே என்று யாரும் சொன்னதும் இல்லை.

மாமியாருக்கு இந்த வேலையின் மேல் அளவில்லாத மரியாதை. நான் லாகின் செய்துவிட்டால் அவர் மிக்சியைப் போடமாட்டார், வாசலில் கோழியைக் கத்தவிடமாட்டார். தெருவில் யாராவது சத்தமாகப் பேசினால், "மெதுவாப் பேசுங்க, எம் மருமவ அமெரிக்கா டாக்டருங்க வேலையில இருக்குது" என்று அதட்டுவார். பிலோமினாவுக்கு அவர் மேல் கடுப்பு வந்ததே இதனால்தான். பச்சைப் புள்ளி மஞ்சளாவது அவருக்கும் தெரியும். நான் கொல்லைப்பக்கம் போய்த் திரும்புவதற்குள் நாற்காலியில் உட்கார்ந்து மவுஸை மெல்ல மெல்ல அசைத்துக்கொண்டிருப்பார். நான் வந்ததும் எழுந்து, "பச்சையாத்தான் இருக்குது கண்ணு" என்று ஒப்படைத்துவிட்டுப் போவார். நான் ஒரு நாளும் கேட்டதில்லை, அவராகவே கண்டுபிடித்த வேலை அது.

மதியம் சோறு, குழம்பு, பொரியல் எல்லாம் தட்டில் போட்டு, மேலே இன்னொரு தட்டால் மூடி, சத்தமில்லாமல் என் மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போவார். கூப்பிடமாட்டார். கூப்பிட்டால் வேலை கெட்டுவிடும் என்பது அவர் எண்ணம். இந்த சார்ட் முடியட்டும் என்று நினைப்பேன், அது முடிந்தால் அடுத்தது வரும். சாயங்காலம் அவர் வந்து தட்டைத் தூக்கிப் பார்ப்பார், அப்படியே இருக்கும். ஒன்றும் பேசாமல் எடுத்துக்கொண்டு போவார். சோறு போட்டார், கூப்பிடவில்லை. இரண்டும் உண்மை. ஊர் முதல் பாதியைப் பொய் என்கிறது, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்ததில் கழுத்து வலி வந்தது, அப்புறம் தலைவலி. டவுன் மருந்துக்கடையில் கணவர் வாங்கி வந்த வலி மாத்திரை நன்றாகக் கேட்டது. காலையில் ஒன்று, வலி விடாவிட்டால் மதியம் ஒன்று. மாத்திரைக்குத் துணை டீ. பல நாட்கள் ராத்திரி ஒரு உருண்டை களிதான் நான் மென்று தின்ற ஒரே உணவு. ஆரம்பத்தில் பசித்தது. பிறகு பசியும் என்னைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் வருவதை நிறுத்திக்கொண்டது. சந்தோஷமாக இருந்தது, ஒரு தொல்லை விட்டது என்று.

இந்த நிலையில் தவக்காலம் பிறந்தது. ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாட்களில் எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் பலர் ஒருசந்தி இருப்பார்கள். ஒருசந்தி என்றால் ஒருவேளை மட்டும் வயிறாரச் சாப்பிட்டு மற்ற வேளைகளைத் தவிர்ப்பது. மாமியார் வருடம் தவறாமல் இருப்பவர். மதியத் தட்டு அப்படியே திரும்பி வருவதும், ராத்திரி மட்டும் நான் களி தின்பதும் சேர்ந்ததும் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. மருமகள் ஒருசந்தி இருக்கிறாள்! இருந்தும் அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நோன்பை வெளியே காட்டிக்கொள்ளக்கூடாது என்று கோயிலில் சாமியார் பிரசங்கம் வைப்பார். கேட்டால் என் நோன்பின் பலன் குறைந்துவிடுமாம். அப்படியும் தட்டு வைப்பதை நிறுத்தவில்லை, ஒருவேளை மனது மாறினால் என்று.

என்னிடம் கேட்காதவர் கோயிலில் நாலு பேரிடம் பெருமை பேசாமல் இல்லை. "வேலையும் பாத்துகிட்டு ஒருசந்தியும் இருக்குதுங்க எங்க ரெஜினா" என்று அவர் சொல்லும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்படியெல்லாம் இல்லை அத்தை என்று சொல்ல வாயைத் திறக்கவும் எனக்குத் தெம்பில்லை. புண்ணியவதி என்ற பெயர் சும்மா வந்தது, இருந்துவிட்டுப் போகட்டும்.

மலம் கருப்பாகப் போக ஆரம்பித்தது. கேழ்வரகுக் களி தின்றால் அப்படித்தான் போகும் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் களி தின்னாதவர் யார்? ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் சிலுவைப்பாதை செபம் நடக்கும்போது முழங்காலில் இருந்து எழுந்தவள் அப்படியே சரிந்துவிட்டேன். பெண்கள் ஓடிவந்து தாங்கினார்கள், விசிறினார்கள். "பாவம், ஒருசந்தி" என்றார்கள். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள். பிலோமினாதான் என் தலையை மடியில் வைத்துக்கொண்டார். "இதுக்கு எம்மாம் பக்தி பாரு" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

அடுத்த வியாழக்கிழமை காலை வாந்தி எடுத்தேன். காப்பித்தூளைக் கரைத்து ஊற்றியது போல இருந்தது. அந்த வர்ணனை எனக்குத் தெரியும். சார்ட்டுகளில் டாக்டர்கள் அப்படியேதான் எழுதுவார்கள். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து, அங்குள்ள அமிலத்தில் கலந்து அந்த நிறமாகும். அதற்கு என்ன கோடு என்பதுகூட உடனே நினைவுக்கு வந்தது.  "ஏங்க, எனக்கு உள்ளுக்குள்ள ரத்தம் போவுதுங்க" என்றேன். கணவர் டெம்போவில் ஏற்றியிருந்த தக்காளிக் கூடைகளைப் பாதையோரமாகவே இறக்கிவிட்டு என்னை முன்சீட்டில் ஏற்றினார். மாமியார் ஜெபமாலையோடு என்னைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பாலக்கோட்டில் பார்த்துவிட்டு ஆம்புலன்ஸில் தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அவசரப் பிரிவில் முதலில் ஒரு கையில் டிரிப்ஸ் போட்டு, இன்னொரு கையில் ரத்தம் எடுத்தார்கள். மூக்கு வழியாக வயிறுவரை ஒரு மெல்லிய குழாயை இறக்கினார்கள். வயிற்றில் ரத்தம் இன்னும் வருகிறதா என்று பார்க்கவும், தேங்கியதை வெளியே எடுக்கவும் அந்தக் குழாய். இறங்கும்போது, "முழுங்குங்கம்மா, முழுங்குங்க" என்பார்கள். கண்ணில் தண்ணீர் கொட்டும். வந்த பெண் டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும், அவரும் தூங்கிப் பல நாள் ஆனவர் போலத்தான் இருந்தார்.

"மோஷன் கருப்பா போச்சா?"

"களி சாப்பிடறோம்ங்க, அதனால..."

"களி சாப்பிட்டா தார் மாதிரி ஒட்டிகிட்டுப் போகாதும்மா. நாத்தம் அடிச்சுதா?"

தலையை ஆட்டினேன்.

"அதுக்குப் பேர் மெலீனா. மேல் வயித்துல ரத்தம் கசிஞ்சா குடல் வழியா வர்றதுக்குள்ள அப்படிக் கருத்துடும்" என்றார்.

மெலீனா! வாரத்தில் எத்தனை முறை அந்தச் சொல்லைப் படித்துக் கோடு போட்டு அடுத்த சார்ட்டுக்குப் போயிருக்கிறேன். என் வீட்டுக் கழிப்பறையில் அது தினமும் வந்தபோது களி என்று நினைத்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. மூக்கில் குழாய் இருக்கும்போது சிரிக்கக்கூடாது, குமட்டும்.

ஹீமோகுளோபின் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. ஹீமோகுளோபின் என்பது ரத்தத்தில் மூச்சுக்காற்றைச் சுமந்து போகும் பொருள். அது குறைந்தால் மாடிப்படி ஏறாமலேயே மூச்சு வாங்கும். எனக்கு மாதக்கணக்கில் வாங்கியது, வேலைக் களைப்பு என்று இருந்துவிட்டேன். ரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் எண்டோஸ்கோப்பி. நுனியில் கேமரா உள்ள குழாயை வாய் வழியாக உள்ளே விட்டு வயிற்றைப் பார்ப்பது. தொண்டையில் மரத்துப்போகும் மருந்தை அடித்து, பல்லுக்கிடையில் ஒரு வளையத்தை வைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். இரைப்பைச் சுவரில் ஒரு குழிப்புண், அதன் நடுவே ரத்தக்குழாய் ஒன்று திறந்திருந்தது. அங்கேயே ஊசி போட்டு, சின்னக் கிளிப் ஒன்றால் அடைத்தார்கள். வெறும் வயிற்றில் தின்ற வலி மாத்திரைகள்தான் முக்கியக் காரணம் என்றார்கள். புண்ணிலிருந்து துளி சதையும் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். புண்ணை உண்டாக்கும் கிருமி இருக்கிறதா, வேறு கெட்டது ஏதும் இருக்கிறதா என்று பார்க்க.

"வேற கெட்டதுன்னா?" என்று கணவர் கேட்டார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவருக்குச் சொல்லியிருந்தேன். "சந்தேகம் எல்லாம் பெருசா இல்லைங்க. வழக்கமா அனுப்பறதுதான்" என்றார். எங்கள் தொழிலில், வெளிநோயாளி சார்ட்டில் டாக்டர் சந்தேகம் என்று எழுதியிருந்தால் அந்த நோய்க்குக் கோடு போடக்கூடாது. உறுதியானதற்கு மட்டும்தான் கோடு. அந்த விதி நல்ல விதி என்று சொல்லிச் சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டேன். தேறவில்லை. பயமாகத்தான் இருந்தது. மறுபடி கசிந்தால் ஆபரேஷன் என்றும் சொல்லியிருந்தார்கள். குழாயில் வருகிற தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன்.

அரூரிலிருந்து என் அம்மா பஸ் பிடித்து வந்தது அன்றைக்குத்தான். அம்மா நல்லவர், ஆனால் வாய் கொஞ்சம் முன்னால் போகும். டாக்டரிடம் நேராகப் போய், "எம் பொண்ணுக்கு எதனாலங்க இப்படி?" என்று கேட்டார். டாக்டர் மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிட்டு, "ரொம்ப நாளா சாப்பாடே சரியில்ல. உடம்புல சத்தே இல்லை" என்றார். அம்மாவுக்கு மாத்திரை காதில் ஏறவில்லை, சாப்பாடுதான் ஏறியது.

பெண்கள் வார்டில் எல்லோரும் பார்க்க என் மாமியாரைப் பிடித்துக்கொண்டார். "சோறு கூடவா போடல? சம்பாதிச்சுக் குடுக்கற பொண்ணு. மாடு பால் கறந்தாக்கூட தவுடு வெப்பாங்களே!"

மாமியார், "ஒருசந்தின்னு நெனச்சேங்க" என்று ஒரே ஒரு முறை மெல்லச் சொன்னார்.

"ஒருசந்தி இருக்கறதுக்கும் பட்டினி கெடக்கறதுக்கும் வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு? இத்தன வருஷம் கோயிலுக்குப் போயி என்ன பிரயோசனம்?"

எனக்குக் குழாயோடு பேச வரவில்லை. கையை ஆட்டினேன், இரண்டு பேரும் பார்க்கவில்லை. வார்டில் ஒரு நோயாளிக்கு ஒரு பெண் மட்டும்தான் துணைக்கு இருக்கலாம். மாமியார் தன் துணிப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அம்மா என் கட்டிலுக்கடியில் பாயை விரித்தார். அதே நேரம் எங்கள் தெருவிலிருந்து என்னைப் பார்க்க வந்திருந்த பிலோமினா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஊருக்குக் கொண்டுபோனது நோயை அல்ல, இந்தச் சண்டையை.

வாயில் எதுவும் போகக்கூடாது என்ற உத்தரவு தொடர்ந்தது. அப்போதுதான் ஒரு வேடிக்கை நடந்தது. எனக்குப் பசித்தது. தட்டு நிறையச் சோறு பக்கத்திலேயே இருந்தபோது வராத பசி, ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவும் அனுமதி இல்லாத இடத்தில் வந்து நின்றது. வார்டில் யாராவது இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தால் சட்னி வாசனைக்கு எனக்கு அழுகை வரும். மருந்துகளின் நெடி, பினாயில், ஓயாமல் ஓடும் மின்விசிறி, யாரோ ஒருத்தியின் முனகல், எல்லாவற்றுக்கும் நடுவே நான் சோற்றை மட்டும் நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் சர்க்கரை நோயில் கால் புண்ணான ஒரு பெண். அவருக்குத் துணையாகத் தங்கை நூர்ஜஹான் இருந்தார், தர்மபுரி டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம். அது ரமலான் மாதமும்கூட. நூர்ஜஹான் நோன்பு வைத்துக்கொண்டே அக்காவைப் பார்த்துக்கொண்டார். ஒரு சாயங்காலம் நோன்பு திறந்துவிட்டு வந்தவர் அம்மாவிடம் கேட்டார். "அம்மா, வராண்டாவுல ஒரு அம்மா உக்காந்திருக்காங்களே, உங்களுக்கு என்ன ஆவணும்?"

"சம்பந்தி" என்றார் அம்மா, அந்தப் பக்கம் திரும்பாமல்.

"எங்க வூட்டுக் கஞ்சி குடுத்தேன். வேணாம்னுட்டாங்க. மருமவ சாப்புட்டப்புறம் பாத்துக்கலாம்னு சொல்றாங்க. இங்க வந்ததுலேர்ந்து அவங்க எதுவும் சாப்புட்டு நான் பாக்கலங்க."

"இப்ப சாப்புடாம இருந்து என்ன ஆவப்போவுது" என்று அம்மா சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு வாசல் பக்கம் அடிக்கடி எட்டிப் பார்த்தார்.

ஈஸ்டருக்கு முந்தைய குருத்து ஞாயிறு வந்தது. கணவர் கோயிலில் கொடுத்த குருத்தோலையைச் சிலுவையாக மடித்துக் கட்டில் கம்பியில் செருகிவிட்டுப் போனார். என் போனை மாமியாரிடம் கொடுத்து வைத்திருந்தார், எனக்குத் தொந்தரவு வேண்டாம் என்று. மறுநாள் காலை மூக்குக் குழாயை எடுத்துவிட்டு டாக்டர் அடுத்த வார்டுக்குப் போயிருந்தார். தொண்டை புண்ணாக எரிந்தது. அப்போது மாமியார் போனைக் கையில் ஏந்திக்கொண்டு, வார்டு வாசல் காவலரிடம் கெஞ்சி உள்ளே நுழைந்தார். செருப்பைக் கழற்றி வாசலிலேயே விட்டிருந்தார். முந்தானையை இழுத்துச் செருகியிருந்தார். "இதோ குடுக்கறேங்க சார்... கண்ணு முழிச்சுதாங்க இருக்குது சார்... சீக்கிரம் வந்துரும்ங்க சார்" என்று போனிடம் குனிந்து சொல்லிக்கொண்டே வந்தார். டீம் லீடர். அவன் எனக்குத் தம்பி வயதுள்ள பையன், இதை மாமியாரிடம் யார் சொல்வது?

நலம் விசாரித்தான். பாவம், அக்கறையாகத்தான் விசாரித்தான். அதன் பிறகு, "ரெஜினா, எப்ப லாகின் பண்ண முடியும்னு ஒரு தோராயமா சொன்னா, மேல சொல்ல வசதியா இருக்கும்" என்றான். ஸ்பீக்கரில் இருந்ததால் வார்டே கேட்டது. நான் பதில் சொல்வதற்குள் அம்மா போனைப் பிடுங்கினார்.

"தம்பி, எம் பொண்ணு சாவக் கெடந்துச்சு. அது இன்னும் ஒரு வாய் தண்ணி குடிக்கல. குடிச்சப்புறம் சொல்றோம்" என்று சொல்லி நிறுத்திவிட்டார்.

மாமியார் பதறிப்போனார். "ஐயோ, கட் பண்ணிட்டீங்களே! வேலை போயிருமேங்க! பெரிய வேலைங்க அது, ஒரு நிமிஷம் கை நின்னா மஞ்ச ஆயிரும்ங்க, நானே எத்தன நாள் உக்காந்து ஆட்டியிருக்கறேன்..."  கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பில்லாத காலையும் செருகிய முந்தானையையும் பார்த்தார். பிறகு கேட்டார், குரலைத் தாழ்த்தி.

"இந்தப் போனுக்குப் பயந்துகிட்டுத்தான் சோத்துக்குக் கூப்புடலையா நீங்க?"

 "ஆமாங்க" என்றார் மாமியார். "ஒருசந்தின்னும் நெனச்சேன். பயமாவும் இருந்துச்சு. தட்டு தெனமும் வெச்சேங்க. மாதா மேல சத்தியமா வெச்சேன். கூப்புடத்தான் வாய் வரல."

அம்மா அழ ஆரம்பித்தார். மாமியார் அழவில்லை, அழுகையெல்லாம் வராண்டாவிலேயே முடித்திருப்பார். நான் கரகரத்த குரலில், "ரெண்டு பேரும் உக்காருங்க. எனக்குத் தலை சுத்துது" என்றேன். உண்மையாகவே சுற்றியது. காவலர் வந்து ஒருவர்தான் இருக்கலாம் என்றார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் இருக்கச் சொல்லிப் போட்டி போட்டார்கள். கடைசியில் அம்மா வெளியே போனார்.

அன்று மதியம் கஞ்சிக்கு அனுமதி கிடைத்தது. அரிசிக் கஞ்சி, உப்பு மட்டும், ஆறவைத்தது. மாமியார் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். நூர்ஜஹான் பக்கத்துக் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவர் மாமியாரிடம் சொன்னார். "நாங்க முப்பது நோம்பு புடிக்கறோம். விடியறதுக்கு முன்னாடி வூட்டுல ஒருத்தரை ஒருத்தர் உலுக்கி எழுப்பிச் சாப்புட வெப்போம். தூங்கறவங்களைத் தூங்கட்டும்னு விட மாட்டோம். திட்டுனாலும் எழுப்புவோம்." மாமியார் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு வராண்டாவுக்குப் போய் என் அம்மாவோடு உட்கார்ந்து, ஒரே பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டதாகக் கணவர் வந்து சொன்னார்.

சதைச் சோதனையில் கெட்டது ஏதும் இல்லை. கிருமி இருந்தது. அதற்கு வேளை தவறாமல் விழுங்க வேண்டிய மாத்திரைகள் கொடுத்தார்கள், சாப்பிட்டுவிட்டு விழுங்கும் மாத்திரைகள். "வலி மாத்திரை இனிமே தொடக்கூடாது. டீயைக் குறைங்க. வேளாவேளைக்குச் சாப்புடுங்க" என்று பெண் டாக்டர் சொன்னார். "நீங்க சாப்டீங்களா?" என்று கேட்டேன். அவர் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

அரசு ஆஸ்பத்திரி என்பதால் பெரிய பில் இல்லை. வெளியே வாங்கிய மருந்தும், கணவர் டெம்போ ஓட்டாத நாட்களும்தான் செலவு. வீட்டுக்குக் கிளம்பும்போது வேறொரு கணக்கு வந்து நின்றது. எங்கள் பக்கம் ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பெண் கொஞ்ச நாள் தாய்வீட்டில் இருப்பது வழக்கம். அரூருக்குப் போனால் சுகமாக இருக்கும். ஆனால் இந்தத் தடவை போனால், பிலோமினா சொன்னது உண்மைதான் என்று நானே கையெழுத்துப் போட்டதாகிவிடும். மாமியாரோ, "போயிட்டு வா கண்ணு, உங்கம்மா பாத்துக்கும்" என்று என் துணிகளைத் தனியாக மடித்துக் கட்டினார். முகம் வாடித்தான் இருந்தது. நான், "பாலக்கோட்டுக்கே போறேன்" என்றேன். அம்மா ஒரு நிமிடம் யோசித்தார். "அப்ப நானும் அங்கயே வர்றேன். ஈஸ்டர் வரைக்கும் சம்பந்தி கையால சாப்புடறேன். தெருவு பாக்கட்டும்" என்றார்.

தெரு பார்த்தது. பேச்சு முழுதாக ஓயவில்லை. சம்பந்தியையும் மிரட்டி வாயை அடைத்துவிட்டார்கள் என்று ஒரு புதுக் கிளை விட்டதாகக் கேள்வி. நான் நடந்துபோனால் பெண்கள் என் கன்னத்தைத் தொட்டு, "ஒழுங்கா சோறு போடறாங்களா?" என்று ரகசியமாகக் கேட்டார்கள். போடறாங்க என்றால் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

லீவு முடிந்து மறுபடி வேலையில் உட்கார்ந்தேன். ஏன் போனாய் என்று கேட்பீர்கள். வேறு வேலை இந்த ஊரில் உட்கார்ந்த இடத்தில் கிடைக்காது, தக்காளி விலை என்றைக்கும் நம்பும்படி இருந்ததில்லை. வேலை மாறவில்லை, சார்ட் குறையவில்லை. எனக்குச் சீக்கிரம் அசதி வந்துவிடுகிறது. டீம் லீடர் மட்டும் ஒரு நாள் தனியாகப் போன் செய்து, தனக்கும் ராத்திரியில் நெஞ்செரிச்சல் இருக்கிறது, என்ன மாத்திரை என்று கேட்டான். மாத்திரை வேண்டாம், முதலில் டாக்டரைப் பார் என்றேன்.

போன வாரம் மதியம் டீம் மீட்டிங். காதில் ஹெட்செட், மைக் திறந்திருந்தது, என் முறை வந்து நான் பேசிக்கொண்டிருந்தேன். திடீரென்று வாசலில் இருந்து ஒரு குரல். அறை வாசலில் இருந்து அல்ல, தெருவாசலில் இருந்து.

"ரெஜினா! ஏ ரெஜினா! சோறு போட்டு வெச்சாச்சு! எல்லாத்தையும் போட்டுட்டு எழுந்து வா!"

கோழிகள் சிதறி ஓடின. 

"யாரு ரெஜினா அது?" என்றான் டீம் லீடர்.

"எங்க மாமியாருங்க. சாப்புடக் கூப்புடறாங்க."

 பிறகு எந்த ஊர்ப் பெண்ணோ, "எனக்கும் பசிக்குதுங்க, நானும் போய்ச் சாப்ட்டு வந்துடறேன்" என்றாள். ஒருவர் பின் ஒருவராக மைக்கை மூடினார்கள். "சரி, அரை மணி நேரம் கழிச்சுப் பேசலாம்" என்று அவனும் போனான்.

ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். மாமியார் தெருவைப் பார்த்தபடி வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தார். முகமெல்லாம் வியர்வை. வாழ்நாளில் அவர் இவ்வளவு சத்தமாகக் கத்தி நான் கேட்டதில்லை.

"கேட்டுச்சா?" என்றார்.

"கேட்டுச்சுங்க அத்தை. பெங்களூர் வரைக்கும் கேட்டுச்சு."

"அது கெடக்குது. எதிர்வூட்டுக்குக் கேட்டுச்சான்னு கேட்டேன்" என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, தனக்கும் ஒரு தட்டை எடுத்து வைத்துக்கொண்டார்.